செல்வம் கட்டிய குளியலறைக்கு எவ்வளவு தருவது?

1

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை. வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் ஒரு காலில் மட்டும் ஷூவை மாட்டியிருந்தபோது செல்வத்திடமிருந்து ஒரு வீடியோ வந்தது. ஏலப்பாறையில் என் அப்பா அம்மா வீட்டுக் குளியலறை. வேலை முடிந்துவிட்டது. போனைச் சுவரோரமாகச் சுற்றிச் சுற்றிக் காட்டியிருந்தான். சாம்பல் நிறத் தரை ஓடு, இடுப்பு உயரத்தில் கைப்பிடிக் கம்பி, வெளிப்பக்கமாகத் திறக்கிற கதவு. தண்ணீர் வருகிறது என்பதற்குச் சாட்சியாகக் குழாயை வேறு திறந்து மூடினான். பின்னணியில் அவன் குரல்: "அக்கா, நல்லாப் பாத்துக்க. பெரியம்மா இனி ராணி கணக்கா குளிக்கலாம். வேல முடிஞ்சிருச்சு. பாத்துப் போட்டு விடு."

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் என் நிம்மதி போயிற்று.

ஊரில் இருக்கிற உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எவ்வளவு என்று நான் சொல்ல மாட்டேன், நீயே யோசித்து அனுப்பு என்று அர்த்தம். சொந்தக்காரன் சொந்தக்காரியிடம் கூலி கேட்கிற முறை அதுதான். நானும் அந்தப் பழக்கத்தில் பிறந்து வளர்ந்தவள்தான். ஆனால் அயர்லாந்துக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. இங்கே ஒழுகுகிற குழாயைப் பார்க்க வருகிறவர், பார்ப்பதற்கு மட்டும் இவ்வளவு என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் காலணியைத் துடைத்துக்கொண்டு உள்ளே வருகிறார். அந்த வசதி பழகிவிட்டது. விலை சொல்லாத மனிதர் முன்னால் எப்படி நிற்பது என்பது எனக்கு மறந்துபோயிருந்தது.

நான் முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸ். அன்று முழுக்க வேலையில் மனம் ஓடவில்லை. ஒரு மூதாட்டியைக் குளிப்பாட்டிக்கொண்டே அவர் பிடித்திருந்த கம்பியை அசைத்து அசைத்துப் பார்த்தேன். கழன்று விழுந்துவிடுமா என்று அவர் பயந்துபோய்க் கேட்டார். இல்லை, எங்கள் வீட்டுக் கம்பியை நினைத்துக்கொண்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்கு மேல் எவ்வளவு விளக்க வேண்டியிருக்கும் என்று யோசித்து விட்டுவிட்டேன்.

2

அம்மா விழுந்தது மார்ச் மாதத்தில். பழைய குளியலறை வீட்டுக்குப் பின்னால் தனியாக, சில படிகள் இறங்கிப் போகிற இடத்தில் இருந்தது. எஸ்டேட் தொழிலாளர் லயத்து வீட்டில் இருந்த காலத்தில் பொதுக் கக்கூஸுக்கு வாளியோடு வரிசையில் நின்றவர்கள் நாங்கள். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் ஓய்வு பெற்று, கைக்கு வந்த பணத்தில் ஏலப்பாறைக்கு மேலே மேட்டில் ஒரு துண்டு நிலம் வாங்கி வீடு கட்டினார். சொந்தமாக ஒரு குளியலறை இருந்ததே அப்போது பெரிய விஷயம். அது வீட்டோடு சேர்ந்து இருக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சாமி படம் மாட்டுகிற வீட்டுக்குள் கக்கூஸ் எதற்கு என்று அம்மாதான் முதலில் சொன்னாள்.

பாசி பிடித்த படியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தது. அப்பாவுக்குக் காது மந்தம், அம்மா கூப்பிட்டது கேட்கவில்லை. கீழ் வீட்டிலிருந்து ஓடிவந்தது செல்வம்தான். என் சித்தப்பா மகன். கொத்தனார். எங்கள் பக்கத்தில் மேசிரி என்போம். பழைய ஜீப் ஒன்றும் வைத்திருக்கிறான், கட்டட வேலை இல்லாத நாட்களில் வாடகைக்கு ஓட்டுவான். கொஞ்சம் பீற்றிக்கொள்கிற ஆள், ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் குடிக்கிற ஆள், வாய் ஓயாது. ஆனால் கூப்பிட்டால் சட்டையைப் போட்டுக்கொண்டே ஓடிவருவான். அம்மாவை ஜீப்பில் கிடத்தி, குமுளி வழியாகத் தேனி ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுத்தான் எனக்குப் போன் செய்தான்.

ஆபரேஷன் முடிந்து அம்மாவைப் போடியில் மாமா வீட்டில் விட்டோம். அங்கே எல்லாம் சமதளம், குளியலறையும் படுக்கையறையை ஒட்டியே இருந்தது. நான் லீவு போட்டு ஓடி, அம்மாவைப் பார்த்துவிட்டு, அப்படியே ஏலப்பாறைக்கும் போய்ச் செல்வத்தோடு பின்பக்கம் நின்று பேசினேன். குளியலறையின் தரையை வீட்டு மட்டத்துக்குத் தூக்க வேண்டும். வீட்டுக்கும் அதற்கும் நடுவில் கூரை போட்டு ஒரு நடை வேண்டும். கம்பி வேண்டும், வழுக்காத ஓடு வேண்டும், கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால் உள்பக்கமாகத் திறக்கிற கதவு அவர் உடம்பில்தான் இடிக்கும். இது என் வேலையில் நான் கற்றது. செல்வம் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான்.

"எல்லாம் சரிதான்க்கா. ஆனா பழைய செவர மட்டும் இடிக்க மாட்டேன். நம்ம எடத்துக்குப் பட்டயம் இன்னும் வரல. புதுசாக் கட்டறோம்னு போனா பஞ்சாயத்துல ஆயிரம் கேப்பாங்க. பழசப் பழுது பாக்குறோம்னா பேச்சே இல்ல."

பட்டா என்பதை நாங்கள் பட்டயம் என்றுதான் சொல்வோம், எங்கள் மலை மலையாள நாட்டில் இருப்பதால் ஆபீஸ் வார்த்தையெல்லாம் எங்களுக்கு மலையாளம்தான். பஞ்சாயத்துக்கு அலைவது அவன் பொறுப்பு என்றானது. சாமான்களுக்குக் கட்டப்பனையில் ஒரு கடையைக் காட்டினான், அந்தக் கடைக்கு நானே இங்கிருந்து நேராகப் பணம் கட்டிவிட்டேன். அதில் ஒரு சிக்கலும் இல்லை. கூலி எவ்வளவு என்று கேட்டபோதுதான் கையை வீசிவிட்டான்.

"கூலிப் பேச்ச இப்ப எடுக்காத. பெரியம்மா வீடு வரணும், அதான் முக்கியம்."

"ரொம்ப தேங்க்ஸ்டா செல்வம்."

"தேங்க்ஸா? யாருக்கா ஒனக்கு இந்தப் பழக்கத்தக் கத்துக் குடுத்தா?" என்று சிரித்தான். அயர்லாந்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது டிரைவருக்குக்கூட நன்றி சொல்வார்கள், எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

போடியிலிருந்து அம்மா தினமும் கூப்பிடுவாள். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. "ஏத்தா, பாத்ரூம் எம்புட்டுல இருக்கு?" என்றுதான் ஆரம்பிப்பாள். "தம்பி பொண்டாட்டி ஊத்துற காப்பிய எத்தன நாளைக்கு உக்காந்து குடிக்க? எனக்கே கூச்சமா இருக்கு. அங்க உங்கப்பா என்னத்தத் தின்னாரோ." தரை போட்டாயிற்று என்பேன். கூரை ஏறிவிட்டது என்பேன். மழை பிடிப்பதற்குள் முடிந்துவிட வேண்டுமே என்று நாட்களை எண்ணுவேன்.

3

என் கணவர் பிரபு கொழிஞ்சாம்பாறைக்காரர். பாலக்காட்டு மாவட்டம்தான், ஆனால் பேச்சு கோயமுத்தூர்ப் பேச்சு, கணக்கும் அந்த ஊர்க் கணக்கு. எதற்கும் ஒரு ரேட் உண்டு என்று நம்புகிறவர். வீடியோவை அவரிடம் காட்டினேன்.

"இதுக்கேன் புள்ள மண்டையப் போட்டு ஒடச்சுக்கற? எங்கூட்ல போன வருசந்தான் பாத்ரூம எடுத்துக் கட்டுனாங்க. அண்ணங்கிட்டக் கேட்டாச் சொல்லிப்போடறாரு."

அண்ணன் சொல்லிவிட்டார். சதுர அடிக்கு இவ்வளவு, ஓடு ஒட்ட இவ்வளவு, குழாய் வேலைக்குத் தனியாக இவ்வளவு. பிரபு போனிலேயே பெருக்கி ஒரு தொகையைக் காட்டினார். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் கொழிஞ்சாம்பாறையில் லாரி வாசலில் வந்து நிற்கும். எங்கள் வீட்டுக்கு மணலை ரோட்டு வளைவில் கொட்டிவிட்டுப் போய்விடுவார்கள், அங்கிருந்து தலைச்சுமையாகத்தான் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு சிமென்ட் மூட்டையும், ஒவ்வொரு கல்லும், கக்கூஸுக்கான வெள்ளைப் பீங்கானும் ஒருவர் தலையில் ஏறித்தான் மேலே வந்திருக்கிறது. தரையைத் தூக்குவதற்குக் கல்லும் மண்ணும் நிரப்பிக் குத்திக் கெட்டிப்படுத்த வேண்டும். பழைய சுவரை இடிக்காமல் அதை ஒட்டி வேலை செய்வது, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதைவிடக் கஷ்டம். அண்ணனுடைய ரேட்டில் இதெல்லாம் எங்கே இருக்கிறது?

இங்கே எங்கள் வீட்டுக் குளியலறையை மாற்ற ஒருவரை அழைத்து விலை கேட்டிருந்தோம். அவர் உள்ளே எட்டிப் பார்த்து, அளவெடுத்து, மறுநாளே எழுதி அனுப்பிவிட்டார். அதை நானும் பிரபுவும் ரூபாயாக மாற்றிப் பார்த்தோம். ஏலப்பாறையில் பாதி வீடு கட்டிவிடலாம். அப்படி ஒப்பிட்டுப் பார்ப்பதே தப்பு என்று பிறகு புரிந்தது. யூரோவிலிருந்து பார்த்தால் ஊரில் எல்லாமே மலிவு. அள்ளிக் கொடுக்கத் தோன்றும். அள்ளிக் கொடுத்தால், ஃபாரின்காரி காசைக் காட்டுகிறாள் என்று ஆகும். அதோடு நாளைக்கு அக்கம்பக்கத்தில் ஒருவர் ஓடு மாற்ற நினைத்தால், கவிதா வீட்டில் கொடுத்த ரேட்டு வேண்டும் என்று வேலையாட்கள் என் பெயரைச் சொல்லிக் கேட்பார்கள். குறைத்துக் கொடுத்தால் சொல்லவே வேண்டாம்.

சரி, நாள் கணக்கில் போடலாம் என்று அப்பாவைக் கூப்பிட்டேன். ஸ்பீக்கரில் வைத்து, நான் கத்திப் பேசினால்தான் அவருக்குக் கேட்கும்.

"அப்பா, செல்வம் வேலைக்கு எத்தன நாள் வந்தான்?"

"தெனமும் வந்தான்."

"இல்லப்பா, கட்டட வேலைக்கு எத்தன நாள்?"

"அதான் சொல்றேன்ல. நீ போனதுல இருந்து தெனமும் வந்தான். காலைல கஞ்சி கொண்டாருவான். சாயந்தரம் வந்து உக்காந்துருப்பான்."

"வேலைக்கு வந்த நாள் எது, சும்மா வந்த நாள் எது?"

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்று அப்பா நிஜமாகவே புரியாமல் கேட்டார். கஞ்சி கொண்டுவந்த கையாலேயே கொத்துக்கரண்டியையும் எடுத்திருக்கிறான். எந்த நேரத்தில் சொந்தக்காரன் போய்க் கொத்தனார் வந்தான் என்று அயர்லாந்தில் உட்கார்ந்துகொண்டு நான் எப்படிப் பிரிப்பேன்?

பிரபுவுக்கு வேறு கவலை. வேலையில் குறை இருக்கிறதே, அதைக் கழிக்க வேண்டாமா என்றார். குறை இருந்தது உண்மை. வெந்நீர்க் குழாயையும் பச்சைத்தண்ணீர்க் குழாயையும் இடம் மாற்றி வைத்திருந்தான். நான் கேட்ட எவர்சில்வர் கம்பிக்குப் பதிலாகச் சாதாரண இரும்புக் குழாயை வளைத்து வெள்ளி பெயின்ட் அடித்திருந்தான். ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிக் காட்டச் சொன்னபோது மூலையில் கொஞ்சம் தேங்கி நின்றது. "அது காஞ்சிரும்க்கா" என்றான். இடுப்பில் ஆணி வைத்த மனுஷிக்குத் தேங்கிய தண்ணீர் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். பிடிவாதமாகச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே அந்த மூலையைப் பெயர்த்து மறுபடி ஒட்டினான். அந்த இரண்டாவது தடவைக்குக் கூலி உண்டா, இல்லையா? தப்பு அவனுடையது. ஆனால் அவன் பஞ்சாயத்துக்கு அலைந்ததற்கு எந்த ரேட்டும் போடாத நான், இதை மட்டும் எப்படிக் கழிப்பது?

அப்பா ஒரு வழி சொன்னார். "நீ எங்கிட்ட அனுப்பு. உங்கம்மா வந்ததும் நல்ல நாள் பாத்து, வெத்தல பாக்கு, வேட்டி துண்டு வச்சுக் குடுத்துக்கறேன்."

"எவ்வளவுப்பா குடுப்பீங்க?"

"ஒரு இருவத்தஞ்சாயிரம் குடுத்தாப் போதும். அதுக்கு மேல அவனே வாங்க மாட்டான்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவனோடு வேலை செய்த ஆட்களுக்கு அவன் கையிலிருந்து கொடுத்த கூலியே அதற்கு மேல் இருக்கும். அப்பாவின் தலையில் இன்னும் தொழிற்சாலைக் காலத்துச் சம்பளம்தான் ஓடுகிறது. வெற்றிலை பாக்கோடு கொடுத்தால் செல்வம் வாய் திறக்க மாட்டான், வாங்கிக்கொண்டு போய்விடுவான், மனதுக்குள் குமைவான் என்று பயந்தேன்.

என் பயம் பணத்தைப் பற்றியே இல்லை. அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். அந்த மேட்டு வீட்டில் காது கேட்காத அப்பாவும், நடக்கத் தடுமாறுகிற அம்மாவும். கூப்பிட்டால் ஓடிவர ஒரே ஒரு ஆள். தொகை தப்பாகப் போய் அவன் மனம் முறிந்தால், பளபளவென்று ஒரு குளியலறை இருக்கும், ஓடிவர ஆள் இருக்காது.

4

என் மகள் மித்ராவுக்குப் பதினான்கு வயது. தமிழ் புரியும், பேசும்போது வாக்கியம் பாதியில் அயர்லாந்துக்கு ஓடிவிடும். போன தடவை ஊருக்குப் போனபோது பின்பக்கத்துக் குளியலறைக்குப் போக மாட்டேன் என்று அழுது, கடைசியில் பீர்மேட்டில் லாட்ஜில் அறை எடுத்துத் தங்கினோம். சொந்த வீட்டில் விளக்கு எரிய, நாங்கள் வாடகை அறையில். அம்மா பொரித்த பலகாரத்தை மட்டும் செல்வத்திடம் கொடுத்து அனுப்பினாள்.

நான் நாலைந்து நாளாகப் புலம்புவதைக் கேட்டுவிட்டு மித்ரா சொன்னாள்: "மாமாகிட்டயே கேளும்மா. எவ்வளவுன்னு அவர் சொல்வார், நீ கொடு. இதுல என்ன இருக்கு?"

"கேட்டா சொல்ல மாட்டான்டி."

"ஏன் சொல்ல மாட்டார்? வேலை செஞ்சிருக்கார்ல?"

விளக்க முயன்றேன். விலை சொன்னால் உறவு விலகிவிட்டது என்று அர்த்தம், சொல்லாமல் விடுவதுதான் மரியாதை, பணம் கொடுக்கிறவர் அதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றெல்லாம். சொல்லச் சொல்ல எனக்கே விசித்திரமாக இருந்தது. அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ உனக்கே தெரியும்னு அவர் நம்பறார், உனக்குத்தான் அவரைத் தெரியல, அதானே?" என்று கேட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

5

கடைசியில் தொண்ணூறாயிரம் என்று முடிவு செய்தேன். ஆட்கள் கூலி, அவன் கூலி, தலைச்சுமை, எல்லாவற்றுக்கும் மேலே கொஞ்சம். எந்த ரேட்டில் போட்டுப் பார்த்தாலும் குறைவில்லை, வீசி எறிந்த மாதிரியும் இல்லை. பிரபுவும் தலையாட்டினார். அப்பா வழியாக வேண்டாம், நேராக அவன் கணக்குக்கே அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன்.

பணம் அனுப்புகிற ஆப்பில் முதல் கேள்வி: பெறுபவர் உங்களுக்கு என்ன உறவு? பட்டியலில் பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளை, உடன்பிறந்தவர், நண்பர், தொழில் செய்பவர் என்று இருந்தது. சித்தப்பா மகனுக்கு இடம் இல்லை. உடன்பிறந்தவர் என்று போட்டேன். தொகை பெரியது, சான்று வேண்டும் என்றது. உதவி எண்ணுக்குக் கூப்பிட்டேன்.

அவன் என் தம்பி என்றேன். ஒரே பெற்றோரா என்று கேட்டாள் அந்தப் பெண். இல்லை, எங்கள் அப்பாக்கள் அண்ணன் தம்பி என்றேன். அப்படியானால் உடன்பிறந்தவர் இல்லை என்றாள், மிக மென்மையாக. எதற்காகப் பணம் என்று கேட்டாள். குளியலறை கட்டினான் என்றேன். அவள் குரலில் நிம்மதி தெரிந்தது. அப்படியென்றால் தொழில் செய்பவர் என்று போட்டு, அவருடைய பில்லை இணைத்துவிடுங்கள், உடனே போய்விடும் என்றாள்.

வந்த நாட்டில் எந்தப் படிவத்திலும் பொய் எழுதக் கூடாது என்பது எங்களைப் போன்றவர்களுக்கு எலும்பில் ஏறிய பயம். குடியுரிமைக்கு எழுதிப் போட்டிருக்கிற நேரத்தில் அந்தப் பயம் இன்னும் கூடுதல். அந்த நிமிடத்தில்கூட அப்பாவுக்கு அனுப்பியிருக்கலாம், பெற்றோர் என்பது பட்டியலில் முதலிலேயே இருந்தது. தோன்றவில்லை. செல்வத்துக்கு எழுதினேன்: "செல்வம், தொண்ணூறாயிரம் அனுப்புறேன். இங்க பில் கேக்குறாங்க. ஒண்ணு எழுதி போட்டோ எடுத்து அனுப்பு."

படித்துவிட்டான் என்று நீல நிறத்தில் காட்டியது. அன்று பதில் வரவில்லை.

6

மறுநாள் பில் வந்தது. ஏதோ கம்ப்யூட்டர் சென்டரில் போய் அடித்து வாங்கியிருக்கிறான், மலையாளத்தில். மேலே என் பெயர்: ஸ்ரீமதி கவிதா பிரபு, அயர்லாந்து. குளியலறைப் பழுதுபார்ப்பு, வேலைக்கூலி, தொண்ணூறாயிரம் ரூபாய். கீழே அவனுடைய முழுப்பெயரும் கையெழுத்தும். வழக்கமாக எதை அனுப்பினாலும் பின்னாலேயே நீளமாக ஒரு வாய்ஸ் வரும். இந்தத் தடவை ஒன்றும் வரவில்லை.

அவனுடைய கையெழுத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை என்று தோன்றியது. அதோடு அந்த நினைப்பை விட்டுவிட்டேன். பில்லை இணைத்தேன், பணம் போய்விட்டது. "பாத்தியா, எத்தன சுளுவா முடிஞ்சுபோச்சு" என்றார் பிரபு. உண்மையைச் சொன்னால் எனக்கும் நெஞ்சு லேசாகத்தான் இருந்தது. ஒரு வாரமாகச் சுமந்த பாரம்.

"கெடச்சுதா?" என்று எழுதினேன்.

"கெடச்சுது."

"போதுமா செல்வம்?"

"சரியா இருக்கு."

அந்த 'சரியா இருக்கு' எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. குறைவு என்று சண்டை போட்டிருந்தால் சேர்த்துக் கொடுத்திருப்பேன். அதிகம் என்று திட்டியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

இரண்டு நாள் கழித்து அப்பாவிடம் பேசும்போது, செல்வம் வந்தானா என்று கேட்டேன். "வரல. வாகமண்ல ஏதோ ரிசார்ட்டுல வேலையாம்." கஞ்சி? "நானே காச்சிக்கிட்டேன்." அடுத்த நாளும் கேட்டேன். வரவில்லை. அதற்கடுத்த நாள் கேட்கப் பயமாக இருந்தது.

7

மழை தொடங்கிவிட்டது. அம்மா போடியில் துணிமணியைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூட்டிக்கொண்டு வருவதற்காக அப்பா செல்வத்துக்குப் போன் செய்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"கேட்டேன். போடிக்குப் போய்ட்டு வர ஆறாயிரமாம். வெயிட்டிங் தனியாம். காலைல அஞ்சு மணிக்கு எடுப்பானாம்."

எனக்குப் புரியவில்லை. "யாருப்பா? வேற ஜீப்பா?"

"செல்வந்தான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்ல? சரின்னேன். வாடகையச் சொல்லிட்டான்ல."

பிரபு ஏலப்பாறைக்குப் போன் போட்டு விசாரித்தார். ஜீப் ஸ்டாண்டில் கேட்டால் ஆறாயிரத்துக்குக் குறைந்து யாரும் வர மாட்டார்கள், நியாயமான வாடகைதான் என்றார்கள். ஒரு ரூபாய் கூட இல்லை, ஒரு ரூபாய் குறைச்சலும் இல்லை. இத்தனை நாள் அவன் வாயிலிருந்து ஒரு விலை வராதா என்று தவித்தேன். வந்துவிட்டது.

செல்வத்தைக் கூப்பிட்டேன். எடுத்தான். "சொல்லுங்கக்கா" என்றான்.

"செல்வம், எம்மேல கோவமா?"

"கோவம் என்ன கோவம்? நீங்க ஒண்ணும் கொறச்சுக் குடுக்கலயே."

"பின்ன ஏன்டா வீட்டுப் பக்கமே வர்றதில்ல? அப்பா தனியா இருக்காரு."

"பெரியப்பாவுக்குத் துணைக்கு ஆள் வேணும்னா சொல்லுங்க, ஒருத்தர ஏற்பாடு பண்ணித் தர்றேன். தெனக்கூலி எம்புட்டுன்னு கேட்டுச் சொல்றேன். பில்லும் வாங்கித் தர்றேன்."

குரலில் கடுப்பே இல்லை. இருந்திருந்தால் நானும் அழுது தீர்த்திருப்பேன். பில் கேட்டது நானில்லை, ஆப் கேட்டது என்று சொன்னேன். "ஆமாக்கா, ஆப்புதான்" என்றான். பின்னால் யாரோ மலையாளத்தில் அவனைக் கூப்பிட்டார்கள். வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டான்.

அம்மா ஏலப்பாறைக்கு வந்து சேர்ந்தாள். அன்று மத்தியானமே அப்பா வீடியோவில் கூப்பிட்டார். அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடை வழியாக மெதுவாக நடந்து, குளியலறைக்குள் போய், கம்பியைப் பிடித்து இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. தரையைக் காலால் தேய்த்துப் பார்த்தாள். கூரையில் மழை விழுகிற சத்தம் கேட்டது.

"நல்லாத்தான் கட்டிருக்கான்" என்றாள். பிறகு அப்பாவிடமிருந்து போனை வாங்கி முகத்துக்கு அருகில் கொண்டுவந்தாள். "ஏத்தா, செல்வம் ஏன் இப்புடி இருக்கான்? வர்ற வழியில போடிமெட்டுல நிப்பாட்டி ஒரு டீ குடிப்போம்டான்னேன். வேணாம் பெரியம்மா, வெயிட்டிங் ஏறும், உங்களுக்குத்தான் நட்டம்ங்கிறான். இங்கன வந்து எறக்கி விட்டான். உங்கப்பா ஏழாயிரமாக் குடுத்தாரு. எண்ணிப் பாத்து ஆயிரத்தத் திருப்பிக் குடுத்துட்டான். உள்ள வாடான்னா வேற சவாரி இருக்குன்னு வாசலோட போய்ட்டான்."

அம்மா விடவில்லை.

"நீ அவனுக்கு எம்புட்டுக் குடுத்த?"

"தொண்ணூறாயிரம்மா."

அம்மா கம்பியை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தாள்.

"நெறையத்தான் குடுத்துருக்க" என்றாள். "அப்ப இனி நான் விழுந்தா யாரக் கூப்புடணும்னு உங்கப்பாகிட்டச் சொல்லி வச்சிரு. அவருக்குத் தெரியாது."

போனை அப்பா வாங்கிக்கொண்டார். சொல்லு என்பது போல் காதை நீட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். ஏலப்பாறையில் எனக்குத் தெரிந்த பெயர்களை எல்லாம் யோசித்தேன். ஒவ்வொரு தடவையும் செல்வத்தில்தான் வந்து நின்றேன்.